நெரிசல், வெயில், வேர்வை... ஆனாலும் ஏன் சிரிச்சுக்கிட்டே வீட்டுக்கு வர்றோம்? சித்திரைத் திருவிழாவுக்குள் ஒரு சந்தோஷ உளவியல்

காலை எட்டரை மணிக்கு பெரியார் பஸ் ஸ்டாண்டில் டவுன் பஸ் ஏறியிருக்கீங்களா? பக்கத்தில் நிற்பவரின் முழங்கை உங்க விலாவில் இடிக்கும். பின்னாடி இருப்பவரின் பேக் முதுகை அழுத்தும். யாரோ காலை மிதிப்பார். அரை மணி நேரப் பயணம்தான். ஆனா இறங்கும்போது அன்றைய நாளே கெட்டுப்போன மாதிரி இருக்கும்.

இப்போ சித்ரா பௌர்ணமிக்கு வாங்க. விடியக்காலை நாலு மணி. ஆழ்வார்புரம் பக்கம், வைகை ஆத்துக்குள்ள நிற்கிறீங்க. ராத்திரி தூக்கம் இல்லை. டவுன் பஸ்ஸைவிட நெருக்கமான கூட்டம். அதே முழங்கை, அதே மிதி. தூரத்தில் தங்கக் குதிரை தெரிந்ததும் 'கோவிந்தா' என்று ஒரே குரல் எழும்புது. முன்னாடி நிற்கும் முகம் தெரியாத மனுஷர், உங்க வீட்டுக் குழந்தையைத் தூக்கித் தன் தோளில் வைத்துக்கொள்கிறார். வீட்டுக்கு வந்து ஒரு வாரத்துக்கு அதையே பேசிக்கிட்டிருப்பீங்க.

முழங்கை ஒண்ணுதான். ஒரு இடத்தில் எரிச்சல், இன்னொரு இடத்தில் சந்தோஷம். எப்படி?

'பக்தி' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடலாம். ஆனா, வருஷத்துக்கு ஒரு தடவைகூட கோயில் பக்கம் போகாத என் நண்பர்கள் பலர், அந்த ஒரு ராத்திரிக்காக மட்டும் சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் டிக்கெட் போட்டு வருகிறார்கள். பக்தியோடு வேறு ஏதோ ஒன்றும் சேர்ந்து வேலை செய்யுது. அந்த 'வேறு ஏதோ' என்ன என்று உளவியலாளர்கள் நிஜமாகவே ஆராய்ந்திருக்கிறார்கள். மதுரையில் இல்லை, அலகாபாத்தில்.

கங்கைக் கரையில் ஒரு மாசம்

இப்போது பிரயாக்ராஜ் என்று அழைக்கப்படும் அலகாபாத்தில், வருஷா வருஷம் ஜனவரி - பிப்ரவரியில் மாக் மேளா நடக்கும். அதில் 'கல்பவாசி' என்று ஒரு வகை பக்தர்கள் உண்டு. ஒரு மாசம் முழுக்க ஆத்தங்கரையில் கூடாரம் போட்டு, தரையில் படுத்து, பெரும்பாலும் ஒருவேளைச் சாப்பாடு, விடிவதற்கு முன்னால் உறைய வைக்கும் கங்கையில் குளியல். பெரும்பாலானவர்கள் வயசானவங்க. ராத்திரி பகலா லவுட் ஸ்பீக்கர் அலறும். சுகாதாரம் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

மருத்துவப் பாடப்புத்தகப்படி பார்த்தால், இவர்கள் மேளா முடிந்து நோயாளிகளாகத்தான் திரும்பணும். ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஸ்டீபன் ரெய்ச்சர், டண்டீ பல்கலைக்கழகத்தின் நிக் ஹாப்கின்ஸ், அலகாபாத் பல்கலைக்கழகத்தின் நாராயணன் ஸ்ரீனிவாசன் உள்ளிட்ட ஒரு பெரிய குழு, 416 கல்பவாசிகளிடம் மேளாவுக்கு முன்னாடியும், முடிந்து ஊர் திரும்பிய பிறகும் உடல்நிலை, மனநிலை பற்றிக் கேட்டது. ஒப்பிட்டுப் பார்க்க, மேளாவுக்குப் போகாத 127 பேரிடமும் அதே கேள்விகள். 2012-ல் முடிவு வெளியானது. போகாதவர்களோடு ஒப்பிடும்போது, போய்வந்தவர்களின் நலம் கூடியிருந்தது. கவனிங்க, கூட்டத்தில் நிற்கும் நேரத்துக் குஷி இல்லை இது. வீட்டுக்கு வந்து, பழைய வாழ்க்கைக்குத் திரும்பிய பிறகும் அந்த வித்தியாசம் தெரிந்தது.

அதே குழுவின் இன்னொரு ஆய்வு எனக்கு ரொம்பப் பிடிச்சது. தெளிவில்லாத, இரைச்சலான ஒரு சத்தத்தைப் பதிவுசெய்து ஆட்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். சிலரிடம் 'இது மேளாவில் எடுத்தது' என்றார்கள். சிலரிடம் 'இது நகரத் தெருவில் எடுத்தது' என்றார்கள். சத்தம் ஒண்ணுதான். ஆனா மேளா என்று நம்பியவர்களுக்கு அது அவ்வளவு தொந்தரவாகப் படவில்லை. குளிரைப் பற்றிக் கேட்டபோதும் ஏறக்குறைய அதே கதைதான். குளிர் இல்லை என்று யாரும் சொல்லவில்லை. 'எல்லாரும் சேர்ந்துதானே தாங்குறோம்' என்பதுதான் அவர்கள் பேச்சின் சாரம்.

சித்திரை வெயிலில் மூன்றுமாவடியில் நின்றவர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை.

உடம்புகளின் கூட்டம், மனசுகளின் கூட்டம்

ஆய்வாளர்கள் இதற்குச் சொல்லும் விளக்கம் ரொம்ப எளிமையானது. கூட்டத்தில் ரெண்டு வகை உண்டு. ஒண்ணு, வெறும் உடம்புகள் ஒரே இடத்தில் நெருக்கியடித்து நிற்பது. டவுன் பஸ் அந்த வகை. அங்கே ஒவ்வொருத்தரும் 'நான்'. பக்கத்தில் இருப்பவர் என் சீட்டுக்குப் போட்டி, என் காத்துக்குப் போட்டி. இன்னொண்ணு, 'நாம எல்லாரும் ஒரே விஷயத்துக்கு வந்திருக்கோம்' என்ற எண்ணம் எல்லாருக்கும் இருக்கும் கூட்டம். 'அவங்களுக்கும் அப்படித்தான் தோணுது' என்பதும் எல்லாருக்கும் தெரியும். இதைத்தான் பகிரப்பட்ட அடையாளம் என்கிறார்கள். அந்த நிமிஷத்திலிருந்து பக்கத்தில் இருப்பவரின் வேர்வை, அந்நியனின் வேர்வையாகத் தெரியாது.

இந்த மாற்றம் எவ்வளவு சீக்கிரம் நடக்கும் என்று பார்க்கணும்னா, அதே டவுன் பஸ் நடுவழியில் பிரேக் டவுன் ஆகணும். அதுவரை மூஞ்சியைத் தூக்கி வைத்திருந்த அத்தனை பேரும் ரெண்டே நிமிஷத்தில் பேச ஆரம்பித்துவிடுவார்கள். 'எங்க போகணும்?', 'தண்ணி வேணுமா?', 'இந்த டெப்போ வண்டியே இப்படித்தான்'. பொதுவான பிரச்னை ஒன்று, 'நான்'களை எல்லாம் 'நாம' ஆக்கிவிட்டது. 2005 லண்டன் ரயில் குண்டுவெடிப்பில் தப்பியவர்களிடம் பேசிய உளவியலாளர் ஜான் ட்ரூரியும் இதையேதான் கண்டார். இருட்டுச் சுரங்கத்துக்குள் மாட்டிக்கொண்டவர்கள் ஒருவரையொருவர் மிதித்துக்கொண்டு ஓடவில்லை, கையைப் பிடித்துக்கொண்டார்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் இருந்தவர்களுக்கும் இந்த அனுபவம் புதுசு இல்லை.

சமூகவியலாளர் எமில் துர்கைம் 1912-லேயே இதைத் தொட்டிருக்கிறார். மனிதர்கள் ஒன்றுகூடி ஒரே செயலைச் செய்யும்போது ஒரு பொங்கல், ஒரு கொதிப்பு வருகிறது, அது தனி ஆளாகக் கிடைக்காது என்றார். அந்தப் பொங்கலை ஒரு பிரச்னையும் இல்லாமல், காலண்டர் பார்த்து, வருஷா வருஷம் வரவழைக்கும் ஏற்பாட்டுக்குத்தான் நாம் திருவிழா என்று பேர் வைத்திருக்கிறோம்.

தங்கச்சி கல்யாணத்துக்கு லேட்டா வந்த அண்ணன்

மதுரைக்காரங்களுக்குக் கதை தெரியும். வெளியூர்க்காரங்களுக்காக ஒரு சின்ன ரீகேப். தங்கை மீனாட்சியின் கல்யாணத்துக்கு, சுமார் 20 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் அழகர்கோயிலிலிருந்து கள்ளர் வேஷத்தில் கிளம்புகிறார் அழகர். வழியெல்லாம் நூற்றுக்கணக்கான மண்டகப்படிகளில் நின்று நின்று வருகிறார். வந்து சேர்வதற்குள் கல்யாணம் முடிந்துவிடுகிறது. கோபத்தில் ஊருக்குள் வராமல் ஆத்தில் இறங்கி, வண்டியூர் பக்கம் போய்விடுகிறார். இது மக்கள் சொல்லும் கதை. கோயில் மரபுப்படி அவர் வருவது மண்டூக முனிவருக்கு மோட்சம் கொடுக்க. தனித்தனியாக நடந்த ரெண்டு திருவிழாக்களை, 1623 முதல் 1659 வரை ஆண்ட திருமலை நாயக்கர் சித்திரையில் ஒன்றாக்கினார் என்பது வரலாறு. சைவம், வைணவம், நகரம், கிராமம் எல்லாம் ஒரே கல்யாண வீட்டுக்குள் வந்துவிட்டது.

சந்தோஷ உளவியல் என்ற கோணத்திலிருந்து பார்த்தால், இந்தக் கதையின் கெட்டிக்காரத்தனம் வேறு ஒரு இடத்தில் இருக்கு. இது ஒரு கல்யாணம். கல்யாண வீட்டில் வேடிக்கை பார்ப்பவர் என்று யாரும் கிடையாது, எல்லாரும் சொந்தம், எல்லாருக்கும் ஒரு வேலை. திருக்கல்யாணத்தன்று வீட்டிலேயே தாலிக்கயிறு மாற்றிக்கொள்கிறார்கள் பெண்கள். சேதுபதி பள்ளி மைதானத்தில் கல்யாண விருந்து நடக்கும். அதற்கு முதல் நாளே போய் உட்கார்ந்து மூட்டை மூட்டையாகக் காய் நறுக்குகிறார்கள். சாப்பிட்டவர்கள் மொய் வைக்கிறார்கள், சாமி கல்யாணத்துக்கு! தெருவுக்குத் தெரு நீர்மோரும் பானக்கமும். நாட்டுச் சர்க்கரை நிரப்பிய சொம்பின் மேல் சூடம் ஏற்றி எதிர்சேவைக்கு நிற்கும் குடும்பங்கள். தோல்பையில் தண்ணீர் நிரப்பிப் பீய்ச்சுபவர்கள். திரி எடுத்து ஆடுபவர்கள்.

பேராசிரியர் தொ.பரமசிவன் தன் முனைவர் பட்டத்துக்காக எழுதி, மதுரை காமராசர் பல்கலைக்கழகம் 1989-ல் வெளியிட்ட 'அழகர் கோயில்' புத்தகத்தை ஒருமுறை புரட்டிப் பாருங்க. திரி எடுத்து ஆடுவோர், திரியின்றி ஆடுவோர், துருத்தி நீர் தெளிப்போர் என்று அடியவர்களையே வகை பிரித்து எழுதியிருப்பார். நேரில் பார்க்கும்போது வெறும் கலர்ஃபுல் கூட்டமாகத் தெரிவது, உண்மையில் ஆளுக்கொரு பொறுப்புள்ள ஏற்பாடு.

ரெண்டு வருஷம் முன்னாடி எதிர்சேவையை கவர் பண்ணப் போயிருந்தேன். நோட்பேடும் போனுமா ஒரு திண்ணை ஓரம் ஒதுங்கி நின்னேன். ஒரு அப்பத்தா, "ஏத்தா, சும்மாதானே நிக்கிற? இந்தச் சொம்பைக் கொஞ்சம் புடி" என்று கையில் சர்க்கரைச் சொம்பைத் திணித்துவிட்டு முந்தானையைச் சரிசெய்ய ஆரம்பித்தார். ரெண்டு நிமிஷம் இருக்கும். ஆனா அந்த ரெண்டு நிமிஷத்துக்கு முன்னாடி பார்த்த கூட்டமும், பின்னாடி பார்த்த கூட்டமும் எனக்கு வேறவேற. முன்னாடி அது 'அவங்க' கூட்டம்.

லைவ்ல பார்த்தா போதாதா?

2020-ல் இந்தக் கேள்விக்குப் பதில் கிடைத்தது. கொரோனா ஊரடங்கு. மே 4-ம் தேதி மீனாட்சி திருக்கல்யாணம் பக்தர்கள் இல்லாமல் நடந்து, நேரலையில் வந்தது. பெண்கள் வீட்டில் டிவி முன்னாடியே தாலிக்கயிறு மாற்றினார்கள். அழகர் ஆத்துக்கு வரவே இல்லை. 2021-லும் அப்படித்தான், எல்லாம் கோயில் வளாகத்துக்குள்ளேயே முடிந்தது.

படம் தெளிவாகத்தான் இருந்தது. சொல்லப்போனா, ஆத்துக்குள் நின்றால் தெரிவதைவிட ஆயிரம் மடங்கு நல்லாத் தெரிந்தது. எங்க வீட்டில் அம்மா திரையைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னது இது: "தண்ணி யாரும் ஊத்தல, என்னமோ மாதிரி இருக்கு."

உலக சுகாதார நிறுவனம் 2025 ஜூனில் வெளியிட்ட அறிக்கை, உலகத்தில் ஆறு பேரில் ஒருவர் தனிமையுணர்வால் பாதிக்கப்பட்டிருப்பதாகச் சொல்கிறது. இதில் டீன் ஏஜ் பிள்ளைகளும் இளைஞர்களும் அதிகம். எந்நேரமும் ஆன்லைனில் இருக்கும் தலைமுறைதான் அது. தனிமை என்பது ஆள் இல்லாதது மட்டும் இல்லை. மேன்ஷனில் ஒரு ரூமுக்கு மூணு பேர் இருந்தாலும் வரும். நம்மைச் சுற்றியிருப்பவர்கள் 'நம்ம ஆளுங்க' என்று தோன்றாத இடத்தில் எல்லாம் வரும்.

இதே உணர்வு உயிருக்கும் ஆபத்து

இதைச் சொல்லாமல் போனால் இந்தக் கட்டுரை பாதிப் பொய். ரெண்டு வருஷ இடைவெளிக்குப் பிறகு, 2022 ஏப்ரல் 16-ம் தேதி அழகர் ஆத்தில் இறங்கியபோது, கூட்ட நெரிசலில் சிக்கி ரெண்டு பேர் இறந்துபோனார்கள். பலருக்குக் காயம்.

மெக்காவில் ஹஜ் யாத்திரைக்கு வந்த 1,194 பேரிடம் ஹானி அல்நபுல்சியும் ஜான் ட்ரூரியும் செய்த ஆய்வு 2014-ல் வெளியானது. நெரிசல் கூடக்கூடப் பாதுகாப்பு உணர்வு குறையும், இது எதிர்பார்த்ததுதான். ஆனா, கூட்டத்தோடு தன்னை ஒன்றாக உணர்ந்தவர்களுக்கு நேர்மாறு. நெரிசல் கூடக்கூட அவர்களுக்கு இன்னும் பாதுகாப்பாக இருப்பதாகத் தோன்றியது. ஆய்வாளர்கள் இதற்கு நல்ல பக்கத்தையும் சொல்கிறார்கள். மற்றவர்கள் உதவுவார்கள் என்ற நம்பிக்கை இருந்தால் பதற்றம் வராது. எனக்கு இன்னொரு பக்கமும் தெரியுது. பாதுகாப்பாக உணர்வதும் பாதுகாப்பாக இருப்பதும் ஒண்ணு இல்லை. நெஞ்சில் 'கோவிந்தா' ஓடும்போது, நெஞ்சுக்கூடு அழுந்துவது லேட்டாகத்தான் தெரியும்.

கூட்ட நெரிசலில் பெரும்பாலும் உயிர் போவது மிதிபடுவதால் இல்லை. நின்ற நிலையிலேயே நெஞ்சு அழுந்தி மூச்சு விட முடியாமல் போவதால். ஒரு சதுர மீட்டரில் அஞ்சு பேருக்கு மேல் நின்றாலே எச்சரிக்கையாகணும். கையைத் தூக்க முடியலை, நாலா பக்கமும் உடம்பு உரசுது, நீங்க நகராமலே கூட்டம் உங்களை நகர்த்துதுன்னா, அதுதான் கிளம்ப வேண்டிய நேரம். குதிரை தெரியும் நேரம் வரை காத்திருக்காதீங்க. அழுத்தம் வந்துவிட்டால் பாக்சர் மாதிரி ரெண்டு கையையும் நெஞ்சுக்கு முன்னால் மடக்கி, மூச்சுக்கு இடம் வைங்க. எதிர்த்துத் தள்ளாதீங்க. கூட்டம் ஒரு அலை மாதிரி போய்வரும், ஒவ்வொரு அலைக்கும் நடுவில் குறுக்குவாட்டில் ஓரத்துக்கு நகருங்க. போனோ செருப்போ கீழே விழுந்தால் குனியவே கூடாது. கத்தி மூச்சை வீணாக்க வேண்டாம். குழந்தை, கர்ப்பிணி, வயசானவர்களோடு வருபவர்களுக்கு ஆத்தைவிட மண்டகப்படிகள் எவ்வளவோ மேல். அழகர் அங்கேயும்தான் வர்றாரு.

எல்லாருக்கும் இந்த 'நாம' கிடைக்குதா?

இல்லை. இதை ஒரு பெண்ணாக எழுதுகிறேன். கூட்டத்தைச் சாக்காக வைத்து உரசுகிறவன் ஒருத்தன் இருந்தால் போதும், அந்த நொடியே கூட்டம் மறுபடி வெறும் உடம்புகளாகிவிடும். என் தோழிகளில் பலர் வேனுக்குள் உட்கார்ந்தோ மாடியிலிருந்தோ மட்டும்தான் அழகரைப் பார்க்கிறார்கள். சாதியும் அப்படித்தான். யாருக்கு முதல் மரியாதை, யார் எங்கே நிற்கலாம் என்ற கணக்கு ஓடும் திருவிழாவில், கணக்குக்கு வெளியே நிறுத்தப்பட்டவருக்கு இந்த ஆய்வுகள் சொல்லும் நலம் எதுவும் வந்து சேராது. உளவியலின் மொழியில் சொன்னால், 'நாம' என்ற எண்ணம் எல்லாரும் பகிர்ந்துகொள்வதாக இருக்கணும். ஒருதலையாக இருந்தால் வேலைக்கு ஆகாது.

இன்னொரு சாரார் இருக்காங்க. கூட்டம் என்றாலே படபடப்பு, மூச்சுத் திணறல் வருகிறவர்கள். வாரக்கணக்கில் எதிலும் பிடிப்பில்லாமல் இருக்கிறவர்கள். அவர்களை 'வாடா, ஒரு ராத்திரி ஆத்துல நின்னா எல்லாம் சரியாயிடும்' என்று இழுத்துக்கொண்டு போகாதீங்க. மன அழுத்த நோய்க்குத் திருவிழா மருந்து இல்லை. மத்திய அரசின் டெலி மானஸ் எண் 14416. 2022 அக்டோபரிலிருந்து இயங்குது. 24 மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம்.

மத்த 364 நாளுக்கு?

அழகர் மலைக்குத் திரும்பிய பிறகு நீங்க மறுபடி எட்டரை மணி டவுன் பஸ்ஸுக்குத்தான் வரணும். அங்கே என்ன செய்யலாம்? சிகாகோவில் நிக்கோலஸ் எப்லியும் ஜூலியானா ஷ்ரோடரும் 2014-ல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். ரயிலில் வேலைக்குப் போகிறவர்களில் சிலரைப் பக்கத்தில் இருக்கும் அந்நியரோடு பேசச் சொன்னார்கள். சிலரைத் தனியாக அமைதியாக வரச் சொன்னார்கள். பேசினால் பயணம் கடுப்பாகும் என்றுதான் மக்கள் கணித்தார்கள். நடந்தது தலைகீழ், பேசியவர்களின் பயணம்தான் இனிமையாக இருந்தது. மதுரையில் இதற்குச் சோதனையே தேவையில்லை, ஒரு டீக்கடை பெஞ்ச் போதும் என்று நீங்க சொல்வது கேட்குது. ஆனா நேர்மையா சொல்லுங்க, கடைசியா எப்போ இயர்போன் இல்லாமல் அந்த பெஞ்ச்சில் உட்கார்ந்தீங்க?

எனக்குப் பட்டதைச் சொல்றேன். 'எங்கேயாவது கூட்டத்தில் போய் நில்லுங்க' என்பது இதில் இருக்கும் பாடம் இல்லை. கையில் சொம்பு இருக்கணும். ஏரியா கிரிக்கெட் டோர்னமென்ட்டுக்கு ஸ்கோர் எழுதுவது, கோடையில் தண்ணீர்ப் பந்தலில் ஒரு மணி நேரம் மோர் ஊற்றுவது, கண்மாய் சுத்தம் செய்யும் குழுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மண் அள்ளுவது, ரத்த தான முகாமில் பேர் பதிவது, எதுவானாலும் சரி. சாமி நம்பிக்கை இருக்கணும்னுகூட இல்லை. பார்க்கிறவராக இருப்பதிலிருந்து செய்கிறவராக ஒரு அடி நகர்வதில்தான் வித்தியாசம்.

போன் பற்றி ஒரு வார்த்தை, ஏன்னா எப்படியும் எடுப்பீங்க. போட்டோ எடுப்பதே தப்பு என்று ஆய்வுகள் சொல்லலை. அலிக்ஸாண்ட்ரா பராஷ், கிறிஸ்டின் டீல் ஆகியோர் 2016-ல் வெளியிட்ட ஆய்வில், போட்டோ எடுப்பவர்கள் காட்சியில் இன்னும் ஆழமாக ஈடுபட்டு அதிகமாக ரசித்தார்கள். ஆனா, 2018-ல் பராஷ் குழுவின் அடுத்த ஆய்வு ஒரு கொக்கி போட்டது. சோஷியல் மீடியாவில் பகிரணும் என்ற நினைப்போடு எடுத்தால் அந்த ரசனை குறைகிறது. படம் எப்படி வரும், மத்தவங்க என்ன நினைப்பாங்க என்ற கவலை உள்ளே வந்துவிடுவதுதான் காரணம். அதனால அழகரை எடுங்க, உங்களுக்காக எடுங்க. ஸ்டேட்டஸ் மத்தியானம் தூங்கி எழுந்து போட்டுக்கலாம்.

போனுக்கு ஒரு ஜிப் கவர் கண்டிப்பா எடுத்துக்கோங்க. மதிச்சியம் ராமராயர் மண்டபம் பக்கம் போனீங்கன்னா, தண்ணி எந்தத் திசையிலிருந்து வரும்னு யாராலும் சொல்ல முடியாது.